காற்றுக்கு வாய் உண்டு

மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்துகொண்டு நித்திரை கொள்ளக்கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். நான் கொள்வேன். குசினி வேலை முடித்து, சேலைக்கு ஊசி குத்தி, கேற்றைப் பூட்டி, அவருடைய முதுகுக்குப் பின்னால் ஏறி இருந்தேனென்றால் அதற்குப் பிறகு உலகம் என் பொறுப்பில் இல்லை. கண் மூடாது, ஆனால் எதையும் பார்ப்பதும் இல்லை. பாலையூற்றிலிருந்து டவுனுக்குப் போகும் வழியெல்லாம் கடைகளும் மதில்களும் தாமாகவே பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கும். பிறகு மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டுத் துறைமுகம் தெரியும். உள்துறைமுகத்துத் தண்ணீருக்கு அலை கிடையாது. காலையில் அது வானத்தின் நிறத்திலேயே இருக்கும், கப்பல் மிதக்கிறதா தொங்குகிறதா என்று அரை நித்திரைக்காரிக்குப் புரியாது. எனக்கு அந்தப் பொழுது மிகவும் பிடிக்கும். ஒரு நாளில் ஒருவரும் என்னிடம் ஒன்றும் கேட்காத பொழுது அதுதான்.

அப்படி ஒரு காலையில்தான் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் கனவுக்குள் கேட்டது. யாரோ குடத்தைத் தொட்டிக்குள் அமிழ்த்துகிறார்கள், குடம் காற்றை விட்டுவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறது. குளுக், குளுக், குளுக். யார் இந்த நேரத்தில் தண்ணீர் அள்ளுவது என்று கனவிலேயே யோசித்தேன். சந்தியில் அவர் வேகத்தைக் குறைத்தபோது விழிப்பு வந்தது. குடமும் இல்லை, தொட்டியும் இல்லை. சத்தம் மட்டும் என் முழங்காலுக்கு முன்னால், எஞ்சினுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது.

"இஞ்சருங்கோ, உள்ளுக்குள்ள என்னமோ குளுகுளுக்குது."

ஹெல்மெற்றுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்த் திரும்பவும் சொன்னேன்.

"ஆ?"

"சத்தம்! எஞ்சினுக்குள்ள சத்தம்!"

"என்ன சத்தம்? ஒண்டும் இல்லை. நீர் நித்திரை கொண்டனீர்."

நித்திரை கொண்டது உண்மைதான். ஆனால் சத்தமும் உண்மை. அவருக்கு அது கேட்கவில்லை என்பது எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. எனக்குப் பயம் வந்தது. அது எஞ்சினைப் பற்றிய பயம் இல்லை.

என் மனுசனின் காதைப் பற்றிச் சொல்லவேண்டும். மீன்பிடிப் படகுகளுக்கு ஐஸ் போடுகிற ஓர் ஆலையில் அவருக்கு வேலை. பெரிய பெரிய கொம்பிரசர்களுக்கு நடுவே நின்று, எது சரியாக மூச்சு விடுகிறது, எது திணறுகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் அவருடைய தொழில். மற்றவர்கள் மீற்றரைப் பார்ப்பார்கள், இவர் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். வீட்டிலும் அப்படித்தான். கேற்றடியில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்க முன்னரே இன்னார் வருகிறார் என்பார். சீனன்குடாவிலிருந்து விமானம் கிளம்பினால் எங்கள் தெருவில் முதலில் அண்ணாந்து பார்ப்பவர் இவர்தான்.

அந்த மனிதர் ஒரு வருடமாக விமானத்தைப் பார்ப்பதில்லை. நான் அண்ணாந்தால் தானும் அண்ணாந்து, "ஓம், போகுது" என்பார். குக்கர் விசிலடித்துக் களைத்து, சோறு குழைந்த பிறகு, "இண்டைக்கு என்ன கஞ்சியோ?" என்று பகிடி விடுவார். ரீவிச் சத்தம் எங்கள் வீட்டில் போட்டால் அடுத்த வீட்டுக்காரர் தங்கள் ரீவியை நிற்பாட்டிவிடலாம். கேட்டால், "நீர் வாய்க்குள்ள கதைக்கிறீர்" என்று என்மேல் பழி. கோதாரி! நானா வாய்க்குள் கதைக்கிறவள்? என் குரல் ஏறி ஏறி, ஒரு நாள் அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை, உங்கட வீட்ட ஒரே சண்டையாக் கிடக்கு?" என்று கேட்டாள். "சண்டை இல்லையக்கா, தேத்தண்ணி வேணுமோ எண்டு கேட்டனான்" என்றேன். அவள் நம்பவில்லை.

காது டொக்டரிடம் போவோம் என்று மூன்று நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். "ஆருக்குக் காது? எனக்கோ?" என்று எழும்பிப் போய்விடுவார். ஏன் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஆலையில் தெரிந்தால் கொம்பிரசர்களை விட்டு எடுத்து, ஐஸ் கட்டி ஏற்றுகிற பக்கம் போட்டுவிடுவார்கள். சம்பளம் அதேதான் இருக்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற மனிதர் அதற்குப் பிறகு இருக்கமாட்டார்.

என் பயம் வேறு. முன்பெல்லாம் நான் ஏறி இருந்ததும் "போவமா?" என்பார், நான் "ஓம்" என்பேன், மோட்டார் சைக்கிள் நகரும். ஒரு கட்டத்தில் நான் ஓம் என்ற பிறகும் நகராமல் நின்றது. அதனால் தோளில் இரண்டு தட்டுத் தட்டத் தொடங்கினேன். இரண்டு தட்டு என்றால் ஏறியாச்சு, போங்கோ. கண்டி றோட்டில் பின்னால் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு வரும். இவர் நடு றோட்டில் சுகமாக ஓடுவார். அதற்கு வலது தோளில் ஒரு தட்டு. உடனே ஓரம் கட்டுவார். இதைப் பற்றி நாங்கள் ஒரு சொல் கதைத்ததில்லை. எப்படித் தொடங்கியது என்றும் சொல்ல முடியாது. ஆனால் என்னை அலுவலகத்தடியில் இறக்கிவிட்டு அவர் திரும்பி ஆலைக்குத் தனியாகத்தான் போகவேண்டும். அந்த வழியில் அவருடைய தோளில் தட்ட ஒருவரும் இல்லை. மோட்டார் சைக்கிள் மறையும்வரை கேற்றடியில் நிற்பேன். குப்பைத் தொட்டியடியில், டவுனுக்குள் திரிகிற மான்கள் நின்று கடதாசி தின்னும். அவற்றைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டு, பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன்.

அதற்கு முந்திய ஞாயிறுதான் அவர் ரேடியேற்றரின் வெடித்த குழாயைக் கழற்றிப் புதிதாகப் போட்டிருந்தார். இது தண்ணீரால் குளிர்கிற எஞ்சின். அதில் அவருக்குப் பெருமை. ஐஸ் ஆலைக்காரனுக்கு ஏற்ற வாகனம் என்பார். பச்சை நிறத்தில் ஒரு தண்ணீர், கூலண்ட் என்கிறார்கள், அதைப் புனல் வைத்து ஊற்றினார். புனலைப் பிடித்தவள் நான். பிடித்தவளுக்கு ஒரு பிரசங்கமும் கிடைத்தது.

"ஊத்தேக்க உள்ள காத்து நிண்டிடும். காத்து நிண்டால் தண்ணி சுத்தாது, எஞ்சின் வெந்து போகும். ஆனால் பயப்பிடத் தேவையில்லை. காத்துக்கு வாய் இருக்கு. குளுகுளு எண்டு தானே காட்டிக் குடுத்திடும்."

பிறகு எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்து கேட்டார். "ஒரு சத்தமும் இல்லை. கிளியர்" என்று மூடியைப் பூட்டினார். குசினிக்குள் மீன் பொரிந்துகொண்டிருந்ததால் நான் உள்ளே போயிருந்தேன். நின்றிருந்தால் அன்றைக்கே கேட்டிருக்கும்.

அந்த வாரம் முழுவதும் வெப்பம் காட்டும் முள் ஒரு நிலையில் நிற்கவில்லை. ஏறும், சடாரென்று இறங்கும், திரும்ப ஏறும். ஒரு பின்னேரம் வீட்டுக்கு வரும்போது சிவப்பைத் தொட்டது. துறைமுகத்து ஓரம் வாகை மரத்தடியில் நிறுத்தி, ஆறட்டும் என்று நின்றோம். வெயில் சரிந்து தண்ணீர் முழுக்கப் பித்தளை நிறம். தூரத்தில் ஒரு தோணி, அதில் ஓர் ஆள், அவர் துடுப்பை எடுத்ததும் தெரியவில்லை போட்டதும் தெரியவில்லை. எஞ்சின் நின்ற பிறகும் உள்ளே குளுக், குளுக் என்று கேட்டது. எனக்கு அது தெளிவாகக் கேட்டது, தோணியில் இருந்தவருக்கே கேட்டிருக்கும் என்று தோன்றியது. என் மனுசன் முழங்காலில் நின்று, காதை ரேடியேற்றருக்குக் கிட்டக் கொண்டுபோய், கண்ணை மூடினார். ஆலையில் அவர் நிற்கும் அதே நிலை.

கண்ணைத் திறந்து எழும்பினார். "காத்து இல்லை" என்றார். "காத்து எண்டால் சத்தம் வரும். சத்தம் இல்லாமச் சூடாகுது எண்டால் எஞ்சினுக்குள்ள கெஸ்கெற் தகடு எரிஞ்சு போச்சு. எஞ்சின் தலையைக் கழட்டவேணும்."

கணக்கு முழுவதும் சரி. கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கேட்கிற இடத்தில் மட்டும்தான் பிழை.

மறுநாள் மாலை உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கிண்ணியா ஆள், நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். இவர் கெஸ்கெற் கேட்டார். நானா உடனே எடுக்கப் போகவில்லை.

"குழாய் மாத்தின பிறகுதானே சூடாகுது?" என்று கேட்டார்.

"ஓம் நானா, நல்ல குழாய்தான், நீங்கள் தந்தது."

நானா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலை உயர்த்தி, சொல்லுச் சொல்லாக, "உள்ளுக்கு, குளுகுளு எண்டு, சத்தம் வருதா?" என்றார்.

"இல்லை" என்றார் இவர். "நான் வடிவாக் கேட்டுப் பாத்தனான்."

நானா திரும்பவும் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கேள்வி என்னிடம் வந்தது. பதில் எனக்கு நாக்கு நுனியில் நின்றது. ஆனால் நாலு பேர் நிற்கிற கடையில் வைத்து அவரைச் சின்னனாக்க எனக்கு மனம் வரவில்லை. கீழே பார்த்துக்கொண்டு, ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினேன். இவருக்குப் பின்னால் நின்றதால் இவர் காணவில்லை. நானா கண்டார்.

"அந்தச் சாமான் இப்ப இல்ல. அடுத்த கிழமை வாங்க பாப்பம்" என்றார் நானா. அவருடைய தலைக்கு மேலே தட்டில் கெஸ்கெற் பெட்டிகள் வரிசையாக இருந்தன. இவரும் அதைக் கண்டிருப்பார். ஆனாலும் திரும்பி வெளியே நடந்தார்.

ஞாயிறு காலை நான் தேங்காய் திருவிக்கொண்டிருக்க, முற்றத்தில் இரும்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் சாக்கை விரித்து, ஸ்பனர்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார். கெஸ்கெற் வராவிட்டாலும் கழற்றிப் பார்த்து வைப்போம் என்று நினைத்திருக்கவேண்டும். நல்ல எஞ்சின், ஒரு குறையும் இல்லாத எஞ்சின், அதைப் பிரிக்கப் போகிறார். அந்த வாரம் முழுக்க விழுங்கி வைத்திருந்ததெல்லாம் எனக்கு மேலே வந்தது. கையில் தேங்காய்ப் பூவோடு முற்றத்துக்குப் போய் நின்றேன்.

"அதைக் கழட்டாதேங்கோ."

"ஆ?"

"கழட்டாதேங்கோ எண்டு சொன்னனான்! உள்ளுக்கு நிக்கிறது காத்துத்தான். ஒரு கிழமையாக் குளுகுளு எண்டு கத்துது. எனக்குக் கேக்குது, நானாவுக்கு என்னைப் பாத்தே விளங்கினது, உங்களுக்குத்தான் கேக்கேல்லை. உங்களுக்குக் காது கேக்கேல்லையப்பா!"

அடுத்த வீட்டு அக்காவின் வளவில் முற்றம் கூட்டுகிற தும்புக்கட்டைச் சத்தம் நின்றது. இந்தத் தடவை அவள் சண்டை என்று நினைத்திருந்தால் அது சரிதான்.

அவர் கோபித்துக்கொண்டு எழும்பிப் போவார் என்று காத்து நின்றேன். போகவில்லை. கையிலிருந்த ஸ்பனரைத் துணியால் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார். மேலே ஒரு விமானம் போனது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. கடைசியில் ஸ்பனரைச் சாக்கில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "முன் சில்லைச் சரிவில ஏத்துவம்" என்றார்.

எங்கள் கேற்றடியில் சீமெந்துச் சரிவு ஒன்று இருக்கிறது. காற்று மேலேதான் போகும், அதனால் ரேடியேற்றரின் வாய் எல்லாவற்றையும்விட உயரத்தில் இருக்கவேண்டும். இருவரும் தள்ளி முன் சில்லை மேலேற்றி, பின் சில்லுக்குக் கல் வைத்தோம். எஞ்சின் இரவு முழுக்க ஆறிக் கிடந்தது, மூடியைத் திறக்கப் பயமில்லை. திறந்ததும் தண்ணீர் கீழே போயிருந்தது தெரிந்தது. நான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். அவர் கீழே இருந்து குழாயைக் கையால் அமத்தி அமத்தி விட்டார்.

"கேக்குதோ?" என்று கீழே குனிந்தபடியே கேட்டார்.

"ஓம்" என்றேன். அவர் திரும்பவும், "கேக்குதோ?" என்றார்.

"ஓம், ஓம்!"

குழாயிலிருந்து கையை எடுக்காமல் தலையை மட்டும் தூக்கினார். அப்போதுதான் சொன்னார், மெல்லச் சொன்னார். "எனக்குக் கேக்கேல்லையப்பா. குமிழி வெடிக்கேக்க என்ர தோளில தட்டும்."

இரண்டு தட்டா, ஒரு தட்டா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் குமிழி ஒன்று மேலே வந்து, குளுக் என்று வாய் திறந்தது. தட்டினேன். அவர் குழாயை அமத்தினார். இன்னொன்று வந்தது. தட்டினேன். எஞ்சினை ஓடவிட்டோம். சூடேற ஏறக் குமிழிகள் சின்னதாகி, பச்சைத் தண்ணீர் மெல்லச் சுழல ஆரம்பித்தது. வேப்பமர நிழல் அதற்குள் துண்டு துண்டாக ஆடியது. ஊற்றுவதும் தட்டுவதுமாக எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. வெயில் கேற்றைத் தாண்டி முற்றத்துக்குள் வந்துவிட்டது. பின்னால் இருந்து அரை நித்திரையில் போகும் காலைகளைப் போலவே இருந்தது, இந்தத் தடவை நாங்கள் எங்கேயும் போகவில்லை, அவ்வளவுதான்.

ஒரு கட்டத்தில் தட்டுவதற்கு ஒன்றும் இல்லாமற் போனது. என் கை அவருடைய தோளிலேயே கிடந்தது. அவர் மூடியைப் பூட்டிவிட்டு, ரேடியேற்றருக்குப் பின்னால் உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே சரியாகச் சூடேறினால் அங்கே உள்ள குளிராக்கும் பேன் தானே சுற்றவேண்டும். முள் நடுவிலே அசையாமல் நின்றது. பேன் சுற்றத் தொடங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. நான் சொல்லவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காத்து வருது" என்றார் அவர், கையைப் பார்த்துக்கொண்டு.

தேத்தண்ணியோடு சரிவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். அவர் கேட்டார், "எப்ப இருந்து உமக்குத் தெரியும்?"

"நான் ஒரு செத்தவீட்டுக் கதை சொல்லேக்க நீங்கள் சிரிச்ச நாளில இருந்து."

சிரித்தார். இந்தத் தடவை சிரிக்கவேண்டிய இடத்தில். பிறகு எழும்பிப் போய் மோட்டார் சைக்கிளின் இடப்பக்கக் கண்ணாடியைத் தொட்டுக்காட்டினார். அந்தக் கண்ணாடி எவ்வளவோ காலமாக உள்ளுக்குத் திரும்பிக் கிடக்கிறது. றோட்டைக் காட்டாது, என் மூஞ்சியைத்தான் காட்டும். எங்கேயோ இடித்துக் கோணலாக்கிவிட்டார் என்று நான் எத்தனை தடவை ஏசியிருப்பேன்!

"இடிச்சதில்லை. நான்தான் திருப்பி வைச்சனான்" என்றார். "உம்மட வாயைப் பாக்க."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "பின்னால வாற பஸ்ஸைப் பாக்காம என்ர வாயைப் பாத்துக்கொண்டோ இவ்வளவு நாளும் ஓடினனீங்கள்? விசரோ உங்களுக்கு?"

"நம்பாட்டி ஏறி இருந்து பாரும்."

சரிவில் நின்ற மோட்டார் சைக்கிளில் இருவரும் ஏறி இருந்தோம். கண்ணாடியில் அவருடைய கண்கள் என்னைப் பார்த்தன. நான் குரல் விடாமல், வாயை மட்டும் அசைத்து ஒரு சொல் சொன்னேன்.

"விசரன் எண்டு சொன்னனீர்" என்றார்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலக் கேற்றைப் பூட்டிவிட்டு வந்தேன். அவர் கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார். ஏறி இருந்து பார்த்தேன். அதில் என் முகம் இல்லை. கண்டி றோட்டும், தூரத்தில் ஒரு பஸ்ஸும் தெரிந்தன.

"இண்டைக்கு லீவு போடும்" என்றார், முன்னால் பார்த்தபடியே. "ஆஸ்பத்திரிக்குப் போவம். நீரும் உள்ளுக்கு வரவேணும். டொக்டர் கதைக்கிறது எனக்குக் கேக்காது." பிறகு, "போவமா?" என்றார்.

நான் தோளில் இரண்டு தட்டுத் தட்டினேன்.